அருவிக்கு முன் ஒரு ஊசி

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன அந்த ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சண்டைதான் நடந்தது. ஆனால் அது பத்து நாள் நடந்தது. குற்றாலத்துக்குப் போவதற்குள் அப்பா காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. போய்வந்து நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது அப்பாவின் கட்சி. நான் அப்பாவின் கட்சியில் இருந்தேன். அதில் சேர எனக்குச் சொந்தக் காரணம் இருந்தது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் இருக்கிறது. பஸ் நின்றால் ஆட்களைவிடப் புழுதிதான் அதிகம் ஏறும். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். குளியல் என்றால் ஆளுக்கு ஒரு வாளி, அதற்குமேல் கிடையாது. நான் உள்ளே ஊற்றுகிற சத்தத்தை அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள், ஐந்தாவது கப்பில் ஒரு அதட்டல் வரும். ஒன்பது வயது வரைக்கும் நானே மொண்டு ஊற்றிக்கொள்ளாத தண்ணீர் என் தலையில் விழுந்தது மழையில் மட்டும்தான். மழையோ எங்கள் பக்கம் விருந்தாளி மாதிரி, வந்ததும் கிளம்பிவிடும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் குற்றாலம் போய்வந்து, அருவித் தண்ணீர் தலையில் அடிக்கும், வலிக்கும், ஆனால் நிற்கவே நிற்காது என்றாள். நிற்கவே நிற்காது என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன்.

அப்பாவுக்கும் அதே பைத்தியம்தான். அவர் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் மில் நண்பர்களோடு குற்றாலம் போய் மெயின் அருவிக்கு அடியில் இரண்டு மணி நேரம் நின்ற கதையை அவர் சொல்லாத மாதம் இல்லை. சொல்லச் சொல்ல அருவியில் தண்ணீர் கூடிக்கொண்டே போகும்.

அதற்கு முந்தின வருஷமே நாங்கள் போயிருக்க வேண்டும். வேன் எல்லாம் பேசியாகிவிட்டது. அந்த வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்காக நின்றதில் அவருக்கு ஏற்கெனவே இளைப்பு. மூன்றாம் நாள் காலையில் பேச்சு வரவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. மதுரையில் ஒன்பது நாள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய சட்டைகள் எல்லாம் பருத்த பெரியப்பாவின் சட்டை மாதிரி தொங்கின. நுரையீரல் இந்த நிலையில் இருக்கும்போது இன்னொரு தடவை இப்படிக் காய்ச்சல் வந்தால் தன்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது, வருஷா வருஷம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், கூட இருப்பவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது என்று அருப்புக்கோட்டை டாக்டர் சொன்னார். அப்பா கும்பிட்டு, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தோடு சரி.

எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். ஆனால் ஒன்பது வயதில் போன வருஷம் என்பது வேறு யாருக்கோ நடந்த ஒன்றாக ஆகிவிடுகிறது.

சண்டையை வளர்த்தவர் பெரியப்பா. அடுத்த வீடு. வேன் பேசுவதிலிருந்து வியாதிக்கு வைத்தியம் சொல்வது வரைக்கும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர்தான் பொறுப்பு, அந்தப் பொறுப்பை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை என்றாலும். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சலோடு யாராவது டூர் போவார்களா என்று முதலில் கேட்டார். அதற்கு அம்மா மசியவில்லை. அடுத்ததாகப் பெரிய ஆயுதத்தை எடுத்தார். எங்கள் பக்கத்தில் ஊசி போட்டால் ஏழு நாள் பத்தியம். கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, தலைக்கு ஊற்றவே கூடாது. எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

"ஏலே, அருவிக்குப் போயித் தலைய நனைக்காம வாரதுக்கு எதுக்குடா வேனு? இங்கனயே குழாயடியில உக்காந்துட்டு எந்திரிச்சு வரலாம்" என்றார் அப்பாவிடம். அப்பா என்னைப் பார்த்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு நாளா? சனிக்கிழமை பயணம். இது திங்கட்கிழமை.

அம்மாவும் தம்பியும் அன்று காலையிலேயே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தம்பி கையிலிருந்த பிளாஸ்திரியை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்திருந்தான். பெரியப்பா சொன்ன பத்தியத்தை அம்மா மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. தலையில் ஊற்றாவிட்டால் உயிரா போய்விடும், கழுத்துக்குக் கீழே நனைந்தால் போதாதா என்றாள். அவ்வளவு கொடூரமான பேச்சை அதுவரை நான் கேட்டதில்லை. பிறகு அப்பாவிடம், "இங்க பாருங்க, ஊசி போடாம நீங்க வேன்ல ஏறுனா நானும் பிள்ளைகளும் எறங்கிக்கிருவோம்" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அம்மா குரலை உயர்த்தாமல் சொன்ன எதையும் மாற்றிக்கொண்டதில்லை.

மறுநாள் பகல் ஷிப்ட் முடிந்து அப்பா வந்ததும் என்னையும் அவரோடு பைக்கில் ஏற்றிவிட்டாள். எனக்கும் ஊசி பாக்கி இருந்தது. அதோடு ஒரு வேலையும் கொடுத்தாள். "ஒங்கப்பா கையில ஊசி எறங்குறத ஒங்கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும்." என் வாழ்க்கையில் முதல் உத்தியோகம் அது. எதிர்க்கட்சியிலிருந்து ஆளெடுத்துக் காவலுக்கு வைத்தது அம்மா செய்த தப்பு.

கிளினிக்கில் ஊசி போடும் அக்காவுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அப்பா உட்காராமலே கேள்வி கேட்டார். இன்றைக்குப் போட்டால் சனிக்கிழமைக்குள் வேலை செய்துவிடுமா? அந்த அக்கா ஒளிக்காமல் சொன்னாள், முழுசாக வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் அண்ணே என்று. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! கேஸில் ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி வெளியே வந்தார். டூருக்கு உதவாத ஊசியை டூருக்கு முன்னால் ஏன் போட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மருந்துக் கடையில் இரண்டு வட்டப் பிளாஸ்திரி வாங்கினார். ஒன்றை என் கையில் ஒட்டினார், ஒன்றை அவர் கையில் நான் ஒட்டினேன். வீட்டுக்குப் போனதும் கை கனக்கிறது என்று சொல்ல வேண்டும், ராத்திரி சாப்பிடும்போது இடது கையை அசைத்தால் முகம் சுளிக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். சுளித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதிகம், கொஞ்சம் குறைத்துக்கொள் என்றார். காரச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அப்பாவும் நானும் அவ்வளவு நெருக்கமாக இருந்த சாயங்காலம் வேறு இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

டவுனைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆனி மாதத்துக் காற்று. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், நடுவில் சாலை, சாலை முழுக்கப் புழுதி. எதிரே ஒரு லாரி போனபோது அப்பா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் வண்டி வேகம் குறைந்தது. அவர் முதுகில் கன்னத்தை வைத்திருந்த எனக்குத்தான் முதலில் கேட்டது. உள்ளே ஒரு விசில் சத்தம்.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். சீட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்ப்பை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சினார். என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார், ஒன்றுமில்லை, பொறு என்று. பேச முடியவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. அரைக்கைச் சட்டைக்குக் கீழே அந்த வட்டப் பிளாஸ்திரி தெரிந்தது. போன வருஷம் ஆட்டோவில் ஏற்றும்போதும் இதே மாதிரி உள்ளங்கையைக் காட்டித்தான் போனார். அந்த வருஷம் யாருக்கோ நடந்ததில்லை, எங்களுக்கு நடந்தது என்று எனக்கு அந்தச் சாலையோரத்தில்தான் உறைத்தது. பயத்தில் கையிலிருந்த சேவுப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மா தூசித்தா. ஏறு, போவோம்" என்றார்.

நான் ஏறவில்லை.

"திரும்பிப் போயி ஊசி போட்டுட்டு வருவோம்" என்றேன். சிரித்தார். ஏறு என்றார். ஏறமாட்டேன் என்றேன். அதட்டினார். நான் பக்கத்திலிருந்த மைல்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். சரி, நீ இங்கேயே இரு என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். பாலம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். நான் அசையவில்லை. இத்தனைக்கும் எனக்கு அந்த இடத்தில் நாய் பயம், பாம்பு பயம், எல்லாம் இருந்தது. கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஊசி போட்டா தலையே நனைக்க முடியாதுத்தா. அருவி வேணாமா ஒனக்கு?"

"வேணாம்."

சொல்லிவிட்டு அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார், கண்ணைத் துடைத்துவிட்டார். பாதிதான் உண்மை. மீதிப் பாதி அருவிக்கானது.

தன் கையிலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து மைல்கல்லில் ஒட்டினார். என் கையிலிருந்ததையும் பிய்த்து அதன் பக்கத்தில் ஒட்டினார். வண்டி அருப்புக்கோட்டையைப் பார்த்துத் திரும்பியது.

கிளினிக்கில் டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் மூடி மாட்டிப் புகை மருந்து கொடுக்கச் சொன்னார். இளைப்பு முழுசாக அடங்கிய பிறகுதான் ஊசி. இரண்டு வாரம் ஆகும் என்றாயே தாயி என்று அப்பா கடைசியாக ஒருமுறை அந்த அக்காவிடம் வழக்குப் பேசிப் பார்த்தார். "டூரு முடிஞ்சு வந்தும் மூச்சு விடணும்லண்ணே?" என்றாள் அவள், பஞ்சில் மருந்தை நனைத்துக்கொண்டே. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் நான் கையை நீட்டினேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. அப்பாவின் முறை வந்தபோது அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் விரல்களைப் பிடித்து நெரித்தார். பத்து நாள் வழக்கில் அவர் ஒருபோதும் சொல்லாத வாதம் ஒன்று இருந்தது என்று அப்போது தெரிந்துகொண்டேன். அவருக்கு ஊசி என்றாலே பயம்.

வீட்டில் என் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். கண்ணால் பார்த்தேன், இறங்கியது என்றேன். நேரமானது ஏன் என்று அம்மா கேட்கவில்லை. பெரியப்பா காதிலும் விழும்படி, "ஊசி போட்ட நாலு பேரும் ஏழு நாளைக்குத் தலைய நனைக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். பெரியப்பா தன் வைத்தியத்தை அம்மா ஒத்துக்கொண்டதில் பூரித்துப் போனார். புதன்கிழமை எனக்கு உடம்பு லேசாகச் சுட்டபோது இன்னும் பூரித்தார். வியாழக்கிழமை சரியாகிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சனிக்கிழமை விடியும்போது வேன் கிளம்பியது. ராஜபாளையம் தாண்டியதும் சாரல் காற்று முகத்தில் பட்டது. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நான் கழுத்துக்குக் கீழே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மெயின் அருவியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அப்பா சொன்ன கதையில் பொய்யே இல்லை. அவ்வளவு தண்ணீரை யாரும் மொண்டு ஊற்றவில்லை, யாரும் போதும் என்று அதட்டவில்லை. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கம்பி. பிரிவதற்கு முன்னால் அம்மா கூடையிலிருந்து நாலு பிளாஸ்டிக் பைகளை எடுத்தாள். ஜவுளிக்கடைப் பைகள். பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்ணின் படம் போட்டிருந்தது. ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பையைக் கவிழ்த்து, தாடைக்குக் கீழே என் பழைய ரிப்பனால் முடிச்சுப் போட்டாள். அப்பாவுக்குப் போடும்போது எட்டிப் போட வேண்டியிருந்தது. அப்பா குனிந்து கொடுத்தார்.

பெண்கள் பக்கத்தில் நாங்கள் போய் நின்றதும் சிரிப்பு கிளம்பிவிட்டது. ஒரு பாட்டம்மா அருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள். வேறு ஊர்க்காரி ஒருத்தி, "என்னக்கா, தலைக்கு டை அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

நாலடி தள்ளித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே போகவில்லை. கம்பியை ஒட்டி, தண்ணீர் சிதறி விழும் ஓரத்தில் நின்றுகொண்டாள். என்னையும் அங்கேயே நிறுத்தினாள். முதுகில் தண்ணீர் அடித்தது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அருவி நாலடி தள்ளி இருந்தது. பைக்குள் மழை பெய்கிற மாதிரி ஒரே சடசடப்பு. அப்பா இருப்பது அந்தப் பக்கம், பெரியப்பா இருப்பது அந்தப் பக்கம், இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று முடிச்சில் கை வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவே இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா தெரிந்தார். பெரியப்பா அருவிக்கு நட்டநடுவில் நின்று ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அப்பா ஓரத்தில், தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தலையில் பட்டுச் சேலைப் பெண்ணோடு நின்றார். பக்கத்திலிருந்த ஒருவர் பையைக் காட்டிச் சிரித்து, அதைத் தூக்கி எறி என்பது போல் கையை ஆட்டினார். அப்பா அருவியைப் பார்த்தார். அவர் கை முடிச்சுக்குப் போனது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். பையும் தலையுமாக, மூக்கில் தண்ணீர் சொட்ட நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். கை இறங்கிவிட்டது. அங்கிருந்தே ஒரு சிரிப்புச் சிரித்தார்.

திரும்பி வரும்போது வேனில் நான் அம்மாவோடு பேசவில்லை. ஒரு வாரம் பேசவில்லை என்று நினைக்கிறேன். அம்மா போல ஈவிரக்கம் இல்லாத பெண் பூமியில் இல்லை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அந்த வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஊசியைச் சண்டையில்லாமல் போட்டுக்கொண்டார், கண்ணை மட்டும் மூடிக்கொண்டு. இப்போது மில்லை விட்டுவிட்டார். பம்ப் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்.

நான் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நானும் கணவரும் பிள்ளையும் மூணாறு போவதற்கு நாலு நாள் முன்னால் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டோம். எழுந்திருக்கும்போது பழக்கதோஷத்தில், எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குளியலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இன்றைக்கே குளிக்கலாம் என்றாள். வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்து நியாயத்தைக் கேட்கிற வேகத்தில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அம்மா அசரவில்லை. தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். தம்பிக்கு ஊசி போடும்போது கேட்டாளாம், அந்தக் கிளினிக் அக்கா இதையேதான் சொன்னாளாம். ஆனால் டாக்டர் வேறு ஒன்று சொல்லியிருக்கிறார். அருவித் தண்ணீரின் குளிர்ச்சி தலையிலும் நெஞ்சிலும் அடித்தால் அப்பாவுக்கு மூச்சு பிடித்துக்கொள்ளலாம், அங்கேயே விழுந்தாலும் விழுவார், அடியில் நிற்க விடாதே என்று.

"நெஞ்சுக்கு ஆகாதுன்னு சொன்னா அவுக கேக்குற ஆளா? ரெண்டு மணி நேரம் நிப்பேன்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. ஊசிப் பத்தியம்னா ஒங்க பெரியப்பாவே காவலு இருந்துக்கிருவாரு."

சரி, அப்பாவுக்குக் கட்டிவிட்டாய், தம்பிக்கும் எனக்கும்கூடக் கட்டினாய், நீயாவது கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாமே, பெண்கள் பக்கத்தில் உன்னை யார் கேட்கப்போகிறார்கள் என்றேன்.

"ஒங்கப்பா பாத்துக்கிட்டுல்ல இருந்தாக" என்றாள்.

என் அருவி போயிற்று என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் அதுதான் முதல் அருவி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.